சாய்வு தப்பாக வருகிறதா? வந்த விடையிலிருந்தே பிழையைப் பிடிக்கும் வழிமுறை

நேர்க்கோட்டின் சாய்வுக்கான சூத்திரம் ஒரே வரிதான்: ஒய் மாற்றம் ÷ எக்ஸ் மாற்றம். அந்த ஒரு வரிக்குள் இரண்டு கழித்தல், ஒரு வகுத்தல், நான்கு எண்கள், அவற்றில் சிலவற்றின் முன்னால் மைனஸ் குறி என்று கை தவறுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஒரு தவறான விடையைத்தான் தரும். அதனால் விடை தப்பியதும் கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து போடத் தேவையில்லை. எப்படித் தப்பியிருக்கிறது என்று பார்த்தாலே எந்தப் படியில் சறுக்கியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இதைக் காட்ட ஒரே கோட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். அது (−2, 7), (4, −5) என்ற இரண்டு புள்ளிகள் வழியாகப் போகிறது. சரியான கணக்கு இது:

ஒய் மாற்றம் = −5 − 7 = −12
எக்ஸ் மாற்றம் = 4 − (−2) = 6
சாய்வு = −12 ÷ 6 = −2

சாய்வு −2 என்றால், எக்ஸ் 1 கூடும்போதெல்லாம் ஒய் 2 குறைகிறது என்று பொருள். விடையைச் சரிபார்க்க இந்த வாக்கியமே போதும். (−2, 7) என்ற புள்ளியிலிருந்து ஓரடி வலப்பக்கம், இரண்டடி கீழே என்று நடந்து பாருங்கள்: (−1, 5), (0, 3), (1, 1), (2, −1), (3, −3), (4, −5). ஆறாவது அடியில் இரண்டாம் புள்ளியில் வந்து நிற்கிறோம், ஆகவே விடை சரி. அங்கே வந்து சேராவிட்டால் சாய்வு தப்பு. சூத்திரத்தைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்தால் முதலில் செய்த தவறையே மறுபடி செய்ய வாய்ப்பு அதிகம். நடந்து பார்ப்பது வேறு பாதை என்பதால் அந்த ஆபத்து இல்லை.

இனி, உங்களுக்கு வந்த விடை எது என்று பாருங்கள்.

எண் சரி, குறி மாறிவிட்டது: −2க்குப் பதில் 2

மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். மேலே இரண்டாம் புள்ளியிலிருந்து முதல் புள்ளியைக் கழித்துவிட்டு, கீழே முதல் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளியைக் கழித்திருப்பீர்கள்:

(−5 − 7) ÷ (−2 − 4) = −12 ÷ −6 = 2

எந்தப் புள்ளியை முதலாவதாக வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். இரண்டு கழித்தலையும் திருப்பிப் போட்டால் 12 ÷ −6, அதுவும் −2தான். மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்று கலந்தால்தான் குறி மாறும்.

இதைத் தடுக்க, புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எக்ஸ் ஒரு பத்தி, ஒய் ஒரு பத்தி. இரண்டு பத்தியிலும் கீழ் எண்ணிலிருந்து மேல் எண்ணைக் கழியுங்கள். இப்படி எழுதும்போது வரிசை மாற வழியே இல்லை.

இன்னொரு பழக்கமும் கைகொடுக்கும். கணக்கைத் தொடங்குமுன்பே விடையின் குறியை ஓரத்தில் எழுதி வையுங்கள். எக்ஸ் −2இலிருந்து 4க்குக் கூடுகிறது, ஒய் 7இலிருந்து −5க்குக் குறைகிறது. ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் சாய்வு குறை எண். இரண்டும் சேர்ந்து கூடினாலோ சேர்ந்து குறைந்தாலோ மிகை எண். கோட்டைப் படத்தில் பார்ப்பதானால் எப்போதும் இடமிருந்து வலமாகவே பாருங்கள். வலமிருந்து இடமாகப் பார்த்தால் இறங்கும் கோடு ஏறுவதுபோலத் தெரியும்.

வேறொரு கணக்கில், விடைப்பட்டியலில் −¾ என்று இருக்க, உங்களுக்கு 3/−4 என்று வந்திருந்தால் அது தவறே அல்ல. மைனஸ் மேலே நின்றாலும் கீழே நின்றாலும் பின்னத்தின் முன்னால் நின்றாலும் மதிப்பு ஒன்றுதான். தொகுதி, பகுதி இரண்டிலும் மைனஸ் இருந்தால் மட்டும் அது ¾ ஆகிவிடும்.

விடை தலைகீழாக இருக்கிறது: −½

எக்ஸ் மாற்றத்தை மேலேயும் ஒய் மாற்றத்தைக் கீழேயும் போட்டிருக்கிறீர்கள்: 6 ÷ −12. புள்ளியை எழுதும்போது எக்ஸ் முதலில் வருவதால் பின்னத்திலும் அதையே முதலில் எழுதக் கை போகிறது.

சூத்திரத்தை எழுத்துகளாக மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. 'எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு மாறும்?' என்ற கேள்வியாக மனத்தில் வைத்துக்கொண்டால் எது மேலே என்ற சந்தேகம் வராது. கேட்பது ஒய்யின் மாற்றம், அது எக்ஸின் ஒவ்வோர் அலகுக்கும் பங்கு பிரிகிறது. ஆகவே எக்ஸ் மாற்றம்தான் வகுக்கும் எண்.

அலகுகள் உள்ள கணக்கில் தலைகீழ்த் தவறு தானே காட்டிக்கொடுக்கும். கிடை அச்சில் மணி, செங்குத்து அச்சில் கிலோமீட்டர் என்றால் சாய்வின் அலகு 'மணிக்குக் கிலோமீட்டர்', அதாவது வேகம். உங்கள் விடை 'கிலோமீட்டருக்கு மணி' என்று வந்தால் பின்னம் கவிழ்ந்திருக்கிறது.

விடை ½ என்று மிகை எண்ணாக வந்தால் இரண்டு தவறும் ஒன்றாக நடந்திருக்கின்றன: பின்னமும் கவிழ்ந்தது, வரிசையும் கலந்தது.

எண்ணே வேறாக இருக்கிறது: −6 அல்லது −⅓

இங்கே சூத்திரத்தில் குறையில்லை, குறை எண்ணைக் கழித்ததில்தான் பிழை. 4 − (−2) என்பதை 4 − 2 என்று போட்டால் கீழே 2 வரும், விடை −6. ஒய் பக்கத்தில் −5இன் மைனஸ் விட்டுப்போனால் 5 − 7 = −2, விடை −⅓.

சூத்திரத்தில் ஒரு மைனஸ் ஏற்கனவே இருக்கிறது, எண்ணோடு ஒரு மைனஸ் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதும்போது கண் ஒன்றை விழுங்கிவிடும். எண் குறை எண்ணோ இல்லையோ, சூத்திரத்தில் போடும்போது நான்கையும் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்: [(−5) − (7)] ÷ [(4) − (−2)]. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு பழக்கம் இவ்வகைப் பிழையைக் கிட்டத்தட்ட முழுவதுமே ஒழித்துவிடும்.

சந்தேகம் இருந்தால் எண்கோட்டில் எண்ணிப் பாருங்கள். −2இலிருந்து 0க்கு இரண்டடி, 0இலிருந்து 4க்கு நான்கடி, மொத்தம் ஆறு. பூச்சியத்தின் இரு பக்கமும் உள்ள எண்களுக்கு இடையிலான தொலைவு அவற்றின் அளவுகளின் கூட்டுத்தொகையாகத்தான் இருக்கும். அதைவிடக் குறைவாக வந்தால் மைனஸ் ஒன்று தொலைந்துவிட்டது.

−1 வருகிறது

ஒரே புள்ளியின் எக்ஸையும் ஒய்யையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்திருக்கிறீர்கள்: (−2 − 7) ÷ (4 − (−5)) = −9 ÷ 9. கழித்தல் எப்போதும் ஒரே பத்திக்குள் நடக்க வேண்டும். ஒய்யிலிருந்து ஒய், எக்ஸிலிருந்து எக்ஸ்.

கால்குலேட்டரில் போட்டு −1 வந்திருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம். அடுத்ததைப் பாருங்கள்.

கால்குலேட்டர் −4.75 என்கிறது

காகிதத்தில் பின்னக்கோடு அடைப்புக்குறியின் வேலையையும் சேர்த்தே செய்கிறது. கோட்டுக்கு மேலுள்ளது முழுவதும் ஒரு தொகுப்பு, கீழுள்ளது முழுவதும் ஒரு தொகுப்பு. அதையே ஒரே வரியில் −5 − 7 ÷ 4 − (−2) என்று தட்டினால், கால்குலேட்டர் முதலில் 7 ÷ 4 என்று வகுத்துவிடும். அதன்பின் −5 − 1.75 + 2 = −4.75. மேலே மட்டும் அடைப்புக்குறி போட்டு, கீழே விட்டுவிட்டால் −12 ÷ 4 + 2 = −1. மேலே சொன்ன −1க்கு மற்றொரு காரணம் இதுதான்.

இரண்டு தொகுப்புக்கும் தனித்தனியாக அடைப்புக்குறி போடுங்கள். அல்லது இரண்டு கழித்தலையும் தனித்தனியே முடித்து, அந்த இரண்டு எண்களை எழுதி வைத்துவிட்டு, கடைசியில் வகுங்கள். இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறோம். விடை தப்பினால் மேலெண்ணா, கீழெண்ணா என்று பார்க்க அந்த இரண்டு எண்களும் கையில் இருக்கும். சில கால்குலேட்டர்களில் குறை எண்ணுக்கான மைனஸ் பொத்தான் வேறு, கழித்தல் பொத்தான் வேறு. மாற்றி அழுத்தினால் சிலவற்றில் பிழைச் செய்தி வரும்.

0 வருகிறது, அல்லது கால்குலேட்டர் பிழை காட்டுகிறது

இது பிழையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே 0 வந்து கீழே வேறு எண் இருந்தால் சாய்வு 0, கோடு கிடைமட்டம். கீழே 0 வந்து மேலே வேறு எண் இருந்தால் கோடு செங்குத்து, அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. 'சாய்வு இல்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். படிப்பவர் அதை 0 என்றும் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பூச்சியம் எது என்று குழம்பினால் பொருளைக் கேளுங்கள்: எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு மாறும்? கிடைக்கோட்டில் ஒய் மாறுவதே இல்லை, விடை 0. செங்குத்துக் கோட்டில் எக்ஸ் கூடுவதே இல்லை, ஆகவே கேள்விக்கே விடை கிடையாது. அந்தக் கோட்டை எக்ஸ் = 4 என்பதுபோல எழுதினால் போதும்.

மேலே 0, கீழேயும் 0 என்றால் ஒரே புள்ளியை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். ஒரு புள்ளியை வைத்துச் சாய்வு சொல்ல முடியாது. அதன் வழியே எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும்.

சமன்பாட்டிலிருந்து எடுத்தால் தப்புகிறது

நம் கோட்டின் சமன்பாடு ஒய் = −2எக்ஸ் + 3. இந்த வடிவில் எக்ஸோடு ஒட்டியிருக்கும் எண், அதாவது கெழுதான் சாய்வு. 'முதலில் வரும் எண்' என்று மனத்தில் வைத்திருந்தால், ஒய் = 3 − 2எக்ஸ் என்று மாற்றி எழுதியவுடன் 3 என்று சொல்லிவிடுவீர்கள். 3 என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்.

அதே கோட்டை 4எக்ஸ் + 2ஒய் = 6 என்றும் எழுதலாம். இங்கே எந்தத் தவறு எந்த எண்ணைத் தரும் என்று பாருங்கள். 4 என்று வந்தால், ஒய்யைத் தனியாகப் பிரிக்காமலே கெழுவை எடுத்துவிட்டீர்கள். −4 என்று வந்தால், எக்ஸை மறுபக்கம் கொண்டுபோனீர்கள், ஆனால் 2ஆல் வகுக்க மறந்தீர்கள். 2 என்று வந்தால், வகுத்தீர்கள், ஆனால் பக்கம் மாற்றும்போது குறியை மாற்றவில்லை. சரியான வரிசை: 2ஒய் = −4எக்ஸ் + 6, பிறகு ஒவ்வோர் உறுப்பையும் 2ஆல் வகுத்து ஒய் = −2எக்ஸ் + 3.

சரிபார்க்க எக்ஸுக்கு 0, 1 என்று போடுங்கள். ஒய் 3, 1 என்று வருகிறது. எக்ஸ் ஒன்று கூடியதும் ஒய் இரண்டு குறைந்தது.

ஒரே கோட்டில் வேறு வேறு புள்ளிகளை எடுத்தால் வேறு வேறு சாய்வு

நேர்க்கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் சாய்வு ஒன்றுதான். மாறினால், ஏதோ ஒரு புள்ளி கோட்டில் இல்லை. எடுத்துக்காட்டாக (2, 0) என்ற புள்ளியை நம் கோட்டில் இருப்பதாக எண்ணிச் சேர்த்தால், (−2, 7) உடன் −1.75, (4, −5) உடன் −2.5. இரண்டும் ஒத்துப்போகாததிலிருந்து அது கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்று தெரிகிறது. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமைகின்றனவா என்று சோதிக்கும் முறையும் இதுவே.

புள்ளிகளை வரைபடத்தாளிலிருந்து கண்ணால் படித்திருந்தால் கதை வேறு. அங்கே சிறு வேறுபாடு வரத்தான் செய்யும், அதைக் குறைப்பதுதான் நம் வேலை. ஒய்யைப் படிப்பதில் ஒவ்வொரு முறையும் 0.1 வரை தவறலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளும் எதிரெதிராகத் தவறினால் ஒய் மாற்றத்தில் 0.2 பிசகும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே எக்ஸ் வேறுபாடு 2 என்றால் சாய்வில் 0.1 பிழை. வேறுபாடு 10 என்றால் அதே பிசகு 0.02 ஆகச் சுருங்கிவிடும். கண்ணும் கையும் அதேதான், புள்ளிகளைத் தள்ளி எடுத்ததற்கே ஐந்து மடங்கு துல்லியம் கிடைக்கிறது. ஆகவே கோட்டின் இரு முனைகளுக்கு அருகில், கட்டத்தின் மூலைகளில் கோடு சரியாக வெட்டும் இடங்களாகப் பார்த்து எடுங்கள்.

ஆய்வகக் கணக்கில், புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமான கோடு வரைந்த பிறகு, சாய்வை அந்தக் கோட்டின் மேலுள்ள இடங்களிலிருந்துதான் படிக்க வேண்டும். அளந்த புள்ளிகளில் இரண்டை எடுத்துப் போட்டால் கோடு வரைந்த பயனே போய்விடும்.

படம் ஒன்று சொல்கிறது, எண் வேறு சொல்கிறது

முதலில் இரண்டு அச்சிலும் அளவுத்திட்டத்தைப் படியுங்கள். கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகு, செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 4 அலகு என்று வைத்து நம் கோட்டை வரைந்தால், அது 1 செ.மீ.க்கு அரை செ.மீ. மட்டுமே இறங்கும். பார்வைக்கு மெல்லிய இறக்கம். கட்டங்களை எண்ணிப் போட்டால் −0.5 வரும். அச்சில் எழுதியுள்ள எண்களை எடுத்தால் −2 வரும், அதுவே சரி. விடை 2, 4, 5, 10 போன்ற ஒரு மடங்கில் தப்பியிருந்தால் கட்டங்களை எண்ணியதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகள் படத்தில் அப்படித் தெரியவில்லை என்பதற்கும் இதுவே காரணம். சாய்வு −2 உள்ள கோட்டுக்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு ½, பெருக்கினால் −1. மேலே சொன்ன அளவுத்திட்டத்தில் இரண்டையும் வரைந்தால் நடுவில் 90 டிகிரிக்குப் பதில் சுமார் 34 டிகிரிதான் தெரியும். கணக்கில் தவறில்லை. இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் வைத்தால் 90 தெரியும். ஆனால் செங்குத்தான கோட்டின் சாய்வாக 2 வந்தால் குறியை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள், −½ வந்தால் தலைகீழ் மட்டும் ஆக்கியிருக்கிறீர்கள். இரண்டும் செய்ய வேண்டும். ஒரு கோடு கிடையாகவும் மற்றது நிலையாகவும் இருந்தால் இந்தப் பெருக்கல் விதி பொருந்தாது, நேரடியாகச் சொல்லிவிடலாம்.

எக்செல்லில் வரைந்த படம் வளைகிறதா? (1, 2), (2, 4), (10, 20) மூன்றும் சாய்வு 2 உள்ள ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. 'லைன்' வகை வரைபடம் எக்ஸ் எண்களை வெறும் பெயர்ப்பலகைகளாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடுவதால் 10 என்பது 2க்குப் பக்கத்து வீடாகிவிடுகிறது, கோடு உடைகிறது. அதில் போக்குக்கோடு (புள்ளிகளுக்குப் பொருத்தமாக எக்செல்லே போடும் நேர்க்கோடு) போட்டால் எக்ஸுக்கு 1, 2, 3 என்றே எடுத்துக்கொண்டு சாய்வு 9 என்று காட்டும். வரைபட வகையை 'ஸ்கேட்டர்' என்று மாற்றினால் 2 வந்துவிடும்.

எக்செல்லின் 'ஸ்லோப்' சார்பு தரும் எண் பொருந்தவில்லை

புள்ளிகளைக் கொடுத்தால் சாய்வைக் கணக்கிட்டுத் தரும் இந்தச் சார்பு ஒய் பட்டியலை முதலிலும் எக்ஸ் பட்டியலை இரண்டாவதாகவும் கேட்கிறது. மாற்றிக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான எண் அமைதியாக வந்து நிற்கும். புள்ளிகள் சரியாக ஒரே கோட்டில் இருந்தால் தலைகீழ் எண் வரும், கண்டுபிடித்துவிடலாம். சிதறியிருந்தால் அதுவும் வராது. (1, 2), (2, 3), (3, 7) என்ற மூன்றுக்கும் சரியான விடை 2.5. மாற்றிப் போட்டால் 0.4 வரும் என்று எதிர்பார்ப்போம், வருவது 0.357. காரணம், முதலாவது கணக்கு ஒய் திசையிலுள்ள விலகல்களைக் குறைக்கிறது, இரண்டாவது எக்ஸ் திசையிலுள்ளவற்றைக் குறைக்கிறது. கிடைப்பவை இரண்டு வேறு கோடுகள்.

கோணமாக, சதவீதமாக மாற்றும்போது தப்புகிறது

சாய்வு −2இன் கோணத்தைக் கேட்டால் கால்குலேட்டர் −63.43° என்று சொல்லும். −1.107 என்று வந்தால் அது கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருக்கிறது. எக்செல் எப்போதும் ரேடியனில்தான் தரும், டிகிரியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பாடக்கணக்கில் சாய்வுக் கோணத்தை 0 முதல் 180 டிகிரிக்குள் சொல்வது வழக்கம். அதற்கு 180 கூட்டினால் 116.57°.

இரண்டு மாற்றங்களையும் தனித்தனியே வாங்கிக்கொண்டு கோணம் தரும் 'ஏட்டேன் 2' என்ற சார்பில் கவனம் தேவை. எக்செல்லில் எக்ஸ் முதலில், பெரும்பாலான நிரல் மொழிகளில் ஒய் முதலில். நம் கோட்டுக்கு −63.43°க்குப் பதில் 153.43° வந்தால் வரிசை மாறியிருக்கிறது.

சதவீதச் சரிவு என்பது சாய்வை 100ஆல் பெருக்கியது, அவ்வளவுதான். 100 சதவீதம் என்றால் சுவர்போல நிற்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது 45° மட்டுமே. 200 சதவீதம் 90° ஆகாது, 63.43°. சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதைக்குப் பல இடங்களில் சொல்லப்படும் 1க்கு 12 என்ற அளவு, 8.33 சதவீதம், 4.76°.

நேரில் அளந்து போடும்போது கீழே வரவேண்டியது கிடைத்தூரம். தரையின் மேலேயே டேப்பை ஓடவிட்டு அளந்த சரிவு நீளத்தால் வகுத்தால் விடை எப்போதும் குறைவாக வரும். 1க்கு 12 சரிவில் 0.0833க்குப் பதில் 0.0830 வருவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 45° சரிவில் 1க்குப் பதில் 0.707 வரும். சரிவு நீளம்தான் அளக்க முடிகிறது என்றால், அதன் வர்க்கத்திலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். கிடைத்தூரம் வந்துவிடும், அதன்பின் வகுங்கள்.